விற்கும் முன் சோதித்துப் பார்த்தீர்களா?

போன் வாங்க வரும் வாடிக்கையாளர் கடையில் முதலில் என்ன செய்கிறார் என்பதைக் கவனித்திருப்பீர்கள். யாருக்கும் கோல் எடுத்துப் பார்ப்பதில்லை. கமராவைத் திறந்து, கூட வந்த பிள்ளையை ஒரு படம் எடுத்துப் பார்க்கிறார். படம் தெளிவாக விழுந்தால் சாமான் நல்லது என்று முடிவு கட்டிவிடுகிறார். நாமும் பில் போட்டுக் கொடுத்துவிடுகிறோம். ஆனால் முதல் படம் விழுந்தது என்பதற்காக ஐம்பதாவது படமும் விழும் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

மலிவு விலைப் போன்களை மொத்தமாக எடுத்து விற்கும் எவருக்கும் இந்த அனுபவம் இருக்கும். பல வருடங்களுக்கு முன் எங்கள் கடைக்கு வந்த ஒரு தொகுதியில் கமரா நன்றாகவே வேலை செய்தது. ஆனால் வீடியோ எடுத்துக் கொண்டிருக்கும்போது கோல் வந்தால் போன் அப்படியே நின்றுவிடும். பற்றரியைக் கழற்றிப் போட்டால்தான் உயிர் வரும். எடுத்த வீடியோவும் போய்விடும். நிகாஹ் வீட்டு வீடியோவை இழந்த ஒருவர் கோபத்தோடு வந்தார். தொழிற்சாலையை அவருக்குத் தெரியாது. கவுன்டரில் நின்ற எங்களைத்தான் அவருக்குத் தெரியும்.

சந்தையில் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்ற நபி (ஸல்) அவர்கள் அதனுள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்ட சம்பவத்தை நாம் எத்தனையோ குத்பாக்களில் கேட்டிருக்கிறோம். மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி காரணம் சொன்னார். நனைந்ததை ஆட்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்க வேண்டும் என்று நபியவர்கள் கண்டித்தார்கள். ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்றும் எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள சம்பவம் இது.

தானியத்துக்குள் கை விடலாம். போனுக்குள் எப்படிக் கை விடுவது?

கயிற்றில் ஆடும் பொம்மை

இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. பயர்பொக்ஸ் பிரவுசரைத் தயாரிக்கும் மொஸில்லா நிறுவனம் 2011இல் போன்களுக்கென ஓர் இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கியது. பயர்பொக்ஸ் ஓ.எஸ். என்று அதற்குப் பெயர். 2013 ஜூலையில் ஸ்பெயினில் இஸட்.ரீ.ஈ. ஓப்பன் என்ற போன் 69 யூரோவுக்கு வந்தது. அதன் ரெம் 256 எம்.பீ., கமரா 3.2 மெகாபிக்சல். 2014 ஓகஸ்ட்டில் இந்தியாவில் இன்டெக்ஸ் கம்பனி 1,999 இந்திய ரூபாவுக்கு விட்ட போனில் ரெம் 128 எம்.பீ. மட்டுமே, கமரா 2 மெகாபிக்சல். முதன்முதலாக ஸ்மார்ட் போன் வாங்கும் எளிய மனிதர்களுக்கான சாமான்கள் இவை.

இவ்வளவு சிறிய ரெம்மில் கமராவை ஓட்டுவது லேசான காரியமல்ல. போதாததற்கு மென்பொருள் நாளுக்கு நாள் மாறிக் கொண்டிருந்தது. ஓர் இடத்தைத் திருத்தினால் இன்னோர் இடம் பழுதாகும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு ஆட்களை உட்காரவைத்து எல்லாவற்றையும் கையால் சோதிப்பதென்றால் காலமும் போதாது, காசும் போதாது. எனவே அவர்கள் மரியோனெட் என்ற கருவியைப் பயன்படுத்தினார்கள். கயிற்றில் ஆடும் பொம்மை என்பது அந்தச் சொல்லின் பொருள்.

பெயருக்கேற்ற வேலைதான். ஒரு உண்மையான போனை யூ.எஸ்.பீ. கேபிளால் கணினியோடு இணைப்பார்கள். கேபிள்தான் கயிறு. பைதன் என்ற கணினி மொழியில் எழுதிய கட்டளைப் பட்டியல்தான் ஆட்டுவிப்பவர். கமராவைத் திற. காட்சி திரையில் வரும்வரை பொறு. படம் எடுக்கும் பொத்தானை அழுத்து. எடுத்த படத்தின் சிறிய உருவம் திரையில் வருகிறதா பார். மெமரி கார்ட்டில் புதிய படம் பதிவாகியிருக்கிறதா பார். இவ்வாறே வீடியோவுக்கும் தனிச் சோதனை. எல்லாம் சரியென்றால் சித்தி, ஓர் இடத்தில் பிழைத்தாலும் தவறு என்று கணினி எழுதி வைக்கும்.

இதில் ‘பொறு’ என்ற கட்டளைதான் நுட்பமானது. கமரா திறக்க ஒரு தடவை ஒரு செக்கன் பிடிக்கும், இன்னொரு தடவை நான்கு செக்கன் பிடிக்கும். இரண்டு செக்கன் பொறு என்று எழுதிவிட்டால் நல்ல போனும் தவறிவிடும். ஆகவே காட்சி வரும்வரை பொறு, குறித்த நேரத்துக்குள் வராவிட்டால் மட்டும் பழுது என்று எழுது என்று சொல்ல வேண்டும். ஒரு நாள் சித்தியடைந்து மறுநாள் தவறும் சோதனைகள் பெரிய தலையிடி. பொய் அலாரம் அடிக்கடி அடித்தால் உண்மையான அலாரத்தையும் யாரும் காதில் வாங்கமாட்டார்கள். அத்தகைய சோதனைகளைத் திருத்தும்வரை நிறுத்திவைத்து, நிறுத்திய காரணத்தையும் அதே பட்டியலில் பதிந்து வைத்தார்கள்.

களைக்காத கை, மறக்காத கண்

இயந்திரச் சோதனையின் முதல் பலன் களைப்பில்லாமை. நம் கடைப் பொடியன்மார் பத்துப் படம் எடுத்துப் பார்ப்பார்கள், அதற்கு மேல் சலித்துவிடும். மொஸில்லாவில் ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்விக்கும் தனிச் சோதனைகள் இருந்தன. படம் எடு, மறுபடி எடு, மறுபடி எடு. இடையிடையே போனின் ரெம் எவ்வளவு செலவாகியிருக்கிறது என்று குறித்துக் கொள்ளும். படத்துக்குப் படம் செலவு கூடிக்கொண்டே போனால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். முதல் படத்தில் தெரியாத ஈரம் இப்படித்தான் வெளியே வருகிறது.

இரண்டாவது பலன் மறக்காமை. என் மனதைத் தொட்ட ஒரு சோதனையைச் சொல்கிறேன். இரகசிய இலக்கம் போட்டுப் பூட்டிய போனில், பூட்டைத் திறக்காமலே கமராவைப் பயன்படுத்த வசதி இருந்தது. அவசரத்துக்குப் படம் எடுக்க அது நல்லதுதான். ஆனால் அந்த வழியாக நுழைபவர் போனில் ஏற்கெனவே உள்ள படங்களையும் பார்க்க முடிந்தால்? வீட்டுப் பெண்களின், பிள்ளைகளின் படங்கள் இல்லாத போன் எது? அவ்வாறு நுழையும்போது படத் தொகுப்புக்குப் போகும் பொத்தான் திரையில் தென்படக் கூடாது என்பதையே ஒரு சோதனையாக எழுதி வைத்திருந்தார்கள். மனிதன் மறந்தாலும் பட்டியல் மறக்காது. நாம் இதை அமானிதம் என்போம்.

இயந்திரத்துக்குத் தெரியாதது

எல்லாவற்றையும் இயந்திரம் கண்டுபிடிக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. படம் பதிவானதா என்றுதான் மேற்சொன்ன சோதனை பார்க்கும். லென்ஸை விரலால் மறைத்து எடுத்த கறுப்புப் படமும் அதற்கு ஒரு படம்தான். இந்தக் குறையைத் தீர்க்க கூகுள் நிறுவனம் அன்ட்ரொய்ட் போன்களுக்கென ஒரு பெட்டிச் சோதனை வைத்திருக்கிறது. உள்ளே அளவான வெளிச்சம், ஒரு பக்கத்தில் சோதிக்கப்படும் போன், எதிர்ப்பக்கத்தில் குறிப்பிட்ட உருவங்களைக் காட்டும் டெப்லட். எடுத்த படத்தின் வெளிச்சமும் நிறமும் சரியா என்று கணினி கணக்கிட்டுச் சொல்லும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பயர்பொக்ஸ் போன்கள் சந்தையில் நிலைக்கவில்லை. தொலைபேசி நிறுவனங்கள் ஊடாக அவற்றை விற்பதை நிறுத்துவதாக 2015 டிசம்பரில் மொஸில்லா அறிவித்தது. சோதனை சாமானை நல்லதாக்கும். சந்தையில் இடம் பிடிப்பது வேறு கணக்கு. ஆனாலும் உழைப்பு வீண்போகவில்லை. அதன் வழியில் பிறந்த காய் ஓ.எஸ்., 2017இல் இந்தியாவில் வந்த ஜியோ போன்களில் ஓடியது. மரியோனெட் இன்றும் பயர்பொக்ஸ் பிரவுசரைச் சோதிக்கிறது.

நம் கடைகளுக்கு என்ன பாடம்?

நம்மால் சோதனைக்கூடம் நடத்த முடியாது. ஆனால் ஒரு பட்டியல் எழுதி ஒட்ட முடியும். புதிய தொகுதி வந்ததும் மேலே இருக்கும் பெட்டியை மட்டும் பார்க்காமல் அடிப் பெட்டியிலிருந்தும் இரண்டு மூன்று போன்களை எடுத்து, பட்டியலின்படி பாருங்கள்:

1. நிறுத்தாமல் ஐம்பது படங்கள் எடுங்கள். வேகம் குறைகிறதா?
2. வீடியோ ஓடும்போது வேறு போனிலிருந்து கோல் கொடுங்கள்.
3. முன், பின் கமராக்களைப் பத்துத் தடவை மாற்றுங்கள்.
4. பூட்டிய போனில் கமராவைத் திறந்து, பழைய படங்கள் தெரிகின்றனவா பாருங்கள்.
5. மெமரி கார்ட் நிறைந்திருக்கும்போது படம் எடுங்கள். ஒழுங்காகத் தகவல் தருகிறதா, நின்றுவிடுகிறதா?

முடிவைத் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதுங்கள். குறை கண்டால் இறக்குமதியாளரிடம் பேச அதுவே சாட்சி. குறையோடு விற்பதென்றால் அதைச் சொல்லி, விலையைக் குறைத்து, பில்லிலும் எழுதிக் கொடுங்கள். மறைந்திருந்த குறைக்காகச் சாமானைத் திருப்பித் தரும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. ஃபிக்ஹில் இதற்கு கியாருல் ஐப் என்று பெயர். கடைச் சுவரில் எழுதிய ‘விற்ற பொருள் வாபஸ் இல்லை’ என்ற வாசகத்தால் அந்தப் பொறுப்பிலிருந்து தப்ப முடியுமா என்பதை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக் கொள்ளுங்கள்.

கடைக்கென மென்பொருள் செய்விப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இன்று பார்கோட் பார்ப்பதும் கியூ.ஆர். முறையில் காசு வாங்குவதும் போன் கமராவால்தான். கமரா நின்றால் கவுன்டரும் நிற்கும். செய்து தருபவரிடம் விலையை மட்டும் பேசாமல், எந்தெந்த போன்களில், என்னென்ன சோதனை செய்தீர்கள், அறிக்கையைக் காட்டுங்கள் என்று கேளுங்கள்.

பிள்ளைகளின் எதிர்காலத்தைப் பற்றி யோசிக்கும் பெற்றோருக்கும் இதில் விடயம் இருக்கிறது. மென்பொருள் கம்பனிகளில் கியூ.ஏ. எனப்படும் சோதனை வேலை தனி உத்தியோகம். செலீனியம், அப்பியம் போன்ற கருவிகளை இணையத்தில் இலவசமாக எடுத்துப் பழகலாம். பொறுமையும், குறையை ஒளிக்காமல் சொல்லும் நேர்மையும் உள்ள பிள்ளைக்குப் பொருத்தமான தொழில்.

அடுத்த தொகுதி வந்து இறங்கும்போது அடிப் பெட்டியை முதலில் திறந்து பாருங்கள். அல்லாஹ் நம் வியாபாரத்தில் பரக்கத் செய்வானாக.