பாதி வகுப்பு, பாதி வேலை: வெளிநாட்டு செமஸ்டருக்குக் கையெழுத்துப் போடும் முன்

பட்டப்படிப்பு, கூடவே நிறுவனத்தில் பயிற்சி, செலவுக்குக் கையில் காசு. இலங்கையிலிருந்து 69 மாணவர்களைத் தைவானின் காங்னிங் பல்கலைக்கழகத்துக்கு இழுத்தது இந்த வாக்குறுதிதான். அவர்கள் இறைச்சிக்கூடத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் வேலைக்கு அனுப்பப்பட்டார்கள் என்ற புகார் 2018 நவம்பரில் அந்நாட்டில் பெரும் சர்ச்சையானது. சில வாரங்களில் இன்னொரு பல்கலைக்கழகத்தின் இந்தோனேசிய மாணவர்கள் பற்றிய புகார் வந்தது: வாரத்தில் இரண்டு நாள் வகுப்பு, நான்கு நாள் கான்டாக்ட் லென்ஸ் தொழிற்சாலையில் பத்து மணி நேர வேலை. கட்டாய உழைப்பு எதுவும் நடக்கவில்லை என்று தைவான் அரசு மறுத்தது. இருந்தாலும் 2019 ஜனவரியில் இந்தோனேசியா அந்தத் திட்டத்துக்கு மாணவர்களை அனுப்புவதை நிறுத்தி வைத்தது.

பல்கலைக்கழகம் போலி அல்ல. விசாவும் போலி அல்ல. வகுப்பு நடந்தது, வேலையும் இருந்தது. பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பும் பெற்றோர் பெரும்பாலும் பயப்படுவது போலிக் கல்லூரிக்குத்தான். அசல் கல்லூரி என்று தெரிந்ததும் நிம்மதியாகிவிடுகிறார்கள். வகுப்பையும் வேலையையும் சேர்த்து விற்கும் திட்டங்களில் கோளாறு இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. அந்த வேலை படிப்போடு எப்படிச் சேர்கிறது, அதற்கு யார் பொறுப்பு, எந்தத் தாளில் அது எழுதப்பட்டிருக்கிறது?

இது ஆசியாவில் மட்டும் நடப்பதல்ல. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு அரசு சமுதாயக் கல்லூரி 2019இல் பிரேசில், சிலி நாட்டு மாணவர்களை ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் சேர்த்தது. சமையற்கலையும் ரோபோட்டிக்ஸும் படிக்க வந்த தங்களை, செல்லப்பிராணித் தீனி ஆலையிலும் உணவுப் பொட்டலம் கட்டும் ஆலையிலும் 'இன்டர்ன்ஷிப்' என்ற பெயரில் நிறுத்தினார்கள் என்று மாணவர்கள் நீதிமன்றம் போனார்கள். ரோபோட்டிக்ஸ் படிக்கிற பையனுக்குத் தீனிப் பொட்டலத்தில் என்ன பாடம் என்ற கேள்விக்கு எந்தப் பாடத்திட்டத்திலும் பதில் கிடைக்காது.

ஒரு செமஸ்டருக்குப் போகும் மாணவர் சட்டத்தின் கண்ணில் மாணவரா, தொழிலாளியா? நாட்டுக்கு நாடு பதில் மாறும். விளம்பரத் தாளில் அது இருக்காது. விசா வகையிலும் பயிற்சி ஒப்பந்தத்திலும்தான் இருக்கும்.

இந்த விஷயத்தில் பிரான்ஸ் தெளிவான நாடு. அங்கே மாணவர் பயிற்சிக்கு 'கோன்வான்சியோன் த ஸ்தாஜ்' என்ற ஒப்பந்தம் இல்லாமல் நிறுவனத்துக்குள் கால் வைக்க முடியாது. கல்வி நிறுவனம், கம்பெனி, மாணவர் என்று மூன்று தரப்பும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். என்ன வேலை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், கம்பெனியில் வழிகாட்டி யார், கல்லூரியில் பொறுப்பாசிரியர் யார் என்பதெல்லாம் அதில் இருக்கும். 2014 ஜூலையில் வந்த சட்டம் இந்த விதிகளை இறுக்கியது. ஒரு கல்வியாண்டில் ஒரே நிறுவனத்தில் ஆறு மாதத்துக்கு மேல் பயிற்சி கூடாது. 308 மணி நேரத்தைத் தாண்டும் பயிற்சிக்கு உதவித்தொகை கட்டாயம். அதுவும் தாண்டிய பிறகு அல்ல, முதல் மணி நேரத்திலிருந்தே கணக்கு. 2025இல் குறைந்தபட்சம் மணிக்கு 4.35 யூரோ. விடுப்பில் போன ஊழியரின் இடத்தை நிரப்ப இன்டர்னை வைக்கக் கூடாது. வைத்தால், தொழிலாளர் நீதிமன்றத்தில் மாணவர் தன் பயிற்சி ஒப்பந்தத்தை முழு வேலை ஒப்பந்தமாக அறிவிக்கக் கோரலாம். ஒரு மாதத்துக்குள் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. 'ஒப்பந்தத்தை அப்புறம் போட்டுக்கலாம், நீ வந்து சேரு' என்று ஒரு பிரெஞ்சு நிறுவனம் சொன்னால், அதை நம்பி டிக்கெட் எடுக்காமல் இருப்பது நல்லது.

அமெரிக்காவில் இதே வேலையைச் செய்வது டிஎஸ்-7002 என்ற பயிற்சித் திட்டப் படிவம். ஜே-1 இன்டர்ன் வகையில் போகிறவர்களுக்கு இது உண்டு. மாணவர், மேற்பார்வையாளர், விசாவுக்குப் பொறுப்பேற்கும் ஸ்பான்சர் அமைப்பு மூவரும் கையெழுத்திடுவார்கள். எந்தக் கட்டத்தில் என்ன கற்றுத் தருவார்கள், எப்படி மதிப்பிடுவார்கள், பணம் உண்டா, எவ்வளவு என்பவற்றைக் கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். எழுத்தர் வேலை 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. திறன் தேவைப்படாத கூலி வேலை, குழந்தை அல்லது முதியோர் பராமரிப்பு இவற்றில் இன்டர்னை வைக்கவே கூடாது.

நம் ஊர் கேட்டரிங் கல்லூரி மாணவர்கள் குறித்து வைத்துக்கொள்ள வேண்டிய விதி ஒன்று இதில் இருக்கிறது. ஹோட்டல், சுற்றுலாத் துறைப் பயிற்சி ஆறு மாதமோ அதற்கு மேலோ இருந்தால், குறைந்தது மூன்று பிரிவுகளில் மாற்றி மாற்றிப் பயிற்சி தர வேண்டும். ஆறு மாதமும் ஹவுஸ்கீப்பிங்கில் படுக்கை விரிப்பு மாற்றியே ஓட்டினால் அது பயிற்சி அல்ல, விதிமீறல். பலர் படிவத்தைப் படிக்காமலே கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். தூதரக நேர்காணலில் அதிகாரி அதே தாளை வைத்துக் கேள்வி கேட்பார் என்பது பிறகுதான் உறைக்கிறது.

மருத்துவக் காப்பீடும் ஜே-1 விதிகளில் கட்டாயம்: ஒரு நோய்க்கோ விபத்துக்கோ குறைந்தது ஒரு லட்சம் டாலர், அவசரமாகத் தாய்நாடு கொண்டுவர 50,000 டாலர். விமான டிக்கெட்டோடு விற்கும் மலிவுப் பயணக் காப்பீடு பல சமயம் இந்த அளவை எட்டாது.

மற்ற நாடுகளில் கணக்கு வேறு. ஜெர்மனியில் படிப்பின் கட்டாயப் பகுதியான பயிற்சிக்குக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பொருந்தாது. மாணவர் தானாகத் தேடிச் செய்யும் பயிற்சி மூன்று மாதத்தைத் தாண்டினால் பொருந்தும். பிரிட்டனில் ஓராண்டுக்குக் குறைவான கட்டாயப் பயிற்சிக்குச் சம்பள விலக்கு உண்டு. ஆனால் அது பிரிட்டனிலேயே நடத்தப்படும் படிப்புகளுக்கானது. இந்தியக் கல்லூரியின் பாடத்திட்டத்துக்காக அங்கே வேலை பார்க்கும் மாணவரிடம் அதைக் காட்டிச் சம்பளம் மறுப்பது எளிதல்ல. கனடாவில் படிப்பு விசா மட்டும் போதுமா, படிப்போடு சேர்ந்த பயிற்சிக்குத் தனியாகக் கோ-ஆப் வேலை அனுமதி வேண்டுமா என்று அப்போதைய விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது மணி நேரம். ஆஸ்திரேலியாவில் மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்; பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவர்களுக்கு வாரத்துக்கு 20. பாடத்திட்டத்தில் பதிவான கட்டாயப் பயிற்சியை இந்த வரம்போடு சேர்ப்பதா என்பதற்குத் தனி விதி இருக்கும். அதைக் கல்லூரியின் சர்வதேச அலுவலகத்திடம் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ள வேண்டும். மேலாளர் வாயால் சொன்ன 'பரவாயில்லை' விசா ரத்தாகும்போது உதவிக்கு வராது.

சம்பளம் இல்லாத பயிற்சியில் இன்னொரு ஓட்டையும் உண்டு. நியூயார்க்கில் ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தில் சம்பளமில்லா இன்டர்னாக இருந்த சீன மாணவி, மேலதிகாரி பாலியல் தொல்லை தந்ததாக வழக்குப் போட்டார். சம்பளம் வாங்காதவர் 'ஊழியர்' அல்ல, ஆகவே நகரின் மனித உரிமைச் சட்டம் அவருக்குப் பொருந்தாது என்று 2013 அக்டோபரில் நீதிமன்றம் சொல்லிவிட்டது. தீர்ப்பு கிளப்பிய கோபத்தில் 2014இல் நியூயார்க் நகரம் சட்டத்தைத் திருத்தி இன்டர்ன்களையும் சேர்த்தது. பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான இந்தியாவின் 2013ஆம் ஆண்டுச் சட்டம் பயிற்சியாளரையும் ஊழியர் என்றே வரையறுக்கிறது. எல்லா நாடும் அப்படி இல்லை என்பதால், நிறுவனத்தில் ஒன்று நடந்தால் கல்லூரியில் யாரிடம் புகார் சொல்வது என்பதைப் பெண் பிள்ளைகள் மட்டுமல்ல, எல்லோரும் முன்கூட்டியே கேட்டுவைக்க வேண்டும்.

இனி ஊர்ப் பக்கம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர், 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசில் பதிவு செய்திருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். பதிவு உண்டா என்று இ-மைகிரேட் தளத்தில் யாரும் பார்க்கலாம். ஆனால் மாணவர் சேர்க்கை நடத்தும் 'கல்வி ஆலோசகர்' இந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. 'இன்டர்ன்ஷிப்' என்ற சொல் புழக்கத்தில் இவ்வளவு இனிப்பாக இருப்பதற்கு இதுவும் காரணம்: அனுப்புவது வேலைக்கு, வாங்குவது படிப்புக்கான கட்டணம், பதிவு எதுவும் தேவையில்லை. வாரத்தின் பெரும்பகுதி வேலைதான் என்று தெரிந்தால், பதிவு எண்ணைத் தயங்காமல் கேட்க வேண்டும்.

கிரெடிட் விஷயத்தில் யுஜிசியின் 2022 விதிமுறைகள் இருக்கின்றன. இங்குள்ள கல்லூரியும் வெளிநாட்டுக் கல்லூரியும் சேர்ந்து நடத்தும் ட்வின்னிங் முறையில் வெளிநாட்டில் எடுக்கும் கிரெடிட் மொத்தத்தில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இரு கல்லூரிகளுக்கும் இடையே ஒப்பந்தம் இருக்கிறதா, அந்த செமஸ்டரின் எந்தத் தாளுக்கு இங்கே எந்தத் தாள் ஈடு என்பதைத் துறைத் தலைவரிடம் எழுத்தில் வாங்காமல் போய், திரும்பி வந்து அரியர் எழுதுகிறவர்கள் உண்டு.

பாஸ்போர்ட்டை 'பத்திரமாக வைக்கிறோம்' என்று முகவரோ முதலாளியோ கேட்டால் கொடுக்கத் தேவையில்லை. 1967ஆம் ஆண்டுச் சட்டப்படி அது இந்திய அரசின் சொத்து. பறித்து வைத்துக்கொண்டால் அதை மட்டும் வைத்தே தூதரகத்தில் புகார் கொடுக்கலாம்.

சிக்கல் வந்துவிட்டால் முதலில் கல்லூரியின் பொறுப்பாசிரியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பின்னால் எல்லா இடத்திலும் அந்த மின்னஞ்சலைத்தான் கேட்பார்கள். அமெரிக்காவில் ஜே-1 விசாக்காரர்களுக்கு வெளியுறவுத் துறையின் அவசர எண் 1-866-283-9090. இந்தியத் தூதரகங்களுக்கான புகாரை வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' தளத்தில் பதியலாம். மாணவர்கள் போய்ச் சேர்ந்ததும் அங்கே தங்கள் விவரத்தைப் பதிந்துவைக்கவும் வழி உண்டு. தமிழ்நாட்டிலுள்ள குடும்பத்தார் அயலகத் தமிழர் நலத்துறையை 1800 309 3793 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைக்கலாம்.

பணம் வாங்கி ஏமாற்றிய ஆலோசகர் மீது மோசடிப் புகார் காவல் நிலையத்தில். கட்டிய பணத்தைத் திரும்பப் பெற நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆலோசகரின் அலுவலகம் சென்னையிலோ டெல்லியிலோ இருந்தாலும், மாணவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது. ரசீது தராமல் ஜிபேயில் வாங்கியிருந்தாலும் அந்தப் பரிவர்த்தனைப் பதிவு சான்றுதான். இங்கே கெடு இரண்டு ஆண்டு. ஆஸ்திரேலியாவில் நிலுவைச் சம்பளம் கேட்க ஆறு ஆண்டு வரை அவகாசம் உண்டு; ஃபேர் ஒர்க் ஆம்பட்ஸ்மேன் அலுவலகம் கட்டணமின்றி உதவும், மாணவர் அதற்குள் ஊர் திரும்பியிருந்தாலும்கூட.