மங்குக்கு ஒன்று, பருவுக்கு ஒன்று

பார்லர் சுவரில் தொங்கும் விலைப்பட்டியலில் கிளீன்-அப், பழ ஃபேஷியல், கோல்டு ஃபேஷியல், டீ-டான், பிளீச், பீல் என்று வரிசையாக எழுதியிருக்கும். கீழே போகப்போக விலையும் ஏறும். எந்த முகத்துக்கு எது பொருந்தும் என்று எழுதிய பட்டியலை நான் பார்த்ததில்லை. அதைத் தெரிந்துகொள்ள, நம் குறை தோலின் எந்த ஆழத்தில் இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

தோலின் மேற்பரப்பு இறந்த செல்களால் ஆனது. பதினைந்து, இருபது அடுக்கு இருந்தாலும் அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஓரிரு பங்குதான். அடியில் பிறக்கும் செல் மேலே வந்து உதிர, இளவயதில் ஏறத்தாழ நான்கு வாரம் ஆகும். வயது ஏறினால் இந்த ஓட்டம் மந்தமாகும். நிறம் தரும் மெலனினைச் செய்யும் செல்கள் மேல்தோலின் அடிவரிசையில் இருக்கின்றன. அதற்கும் கீழே உள்தோலில் கொலாஜன் இழைகள். சாதாரண ஃபேஷியலின் கிரீமும் மசாஜும் பெரும்பாலும் மேலடுக்கோடு நின்றுவிடும்.

ஆகவே வறட்சி, பொலிவின்மை என்ற அளவில்தான் குறை என்றால் பார்லர் ஃபேஷியலே போதும். மசாஜில் ரத்த ஓட்டம் கூடும், கிரீம் ஈரத்தைப் பிடித்து வைக்கும், சில நாள் முகம் பளபளக்கும். பழமோ தங்கமோ, எந்தப் பெயரில் செய்தாலும் முகத்தில் தெரிவது பெரும்பாலும் இந்த ஈரமும் தேய்ப்பும்தான். பிளீச் வேறு வேலை செய்கிறது. அதிலுள்ள ஹைட்ரஜன் பெராக்சைடு முகத்துப் பூனைமுடியை வெளுக்க வைப்பதால் முகமே வெளுத்ததுபோல் தோன்றும். சிலருக்குத் தோல் எரிந்து சிவந்துவிடும்.

பரு உள்ள முகத்துக்குக் கொழுப்பான கிரீமும் நீண்ட மசாஜும் ஆகாது. எண்ணெய்ச் சுரப்பியின் வாய் அடைபட்டு, உள்ளே கொழுப்பு தேங்கி, பாக்டீரியா பெருகி வீங்குவதுதான் பரு. அதன்மேல் இன்னும் எண்ணெயைத் தேய்த்தால் அடைப்பு கூடும். அழகுசாதனங்களால் வரும் பருவை அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் கிளிக்மனும் மில்ஸும் 1972-லேயே தனிவகையாக விவரித்திருக்கிறார்கள். பருவுக்கு ஏற்றது சாலிசிலிக் அமில பீல். பீல் என்பது அமிலம் பூசித் தோலின் மேலடுக்கை உரியவைப்பது. சாலிசிலிக் அமிலம் எண்ணெயில் கரையக்கூடியது என்பதால் அது துளைக்குள் இறங்கி அடைப்பைத் தளர்த்தும், வீக்கத்தையும் தணிக்கும். மருத்துவர்கள் வழக்கமாக 20 முதல் 30 சதவீத வலிமையில் வைப்பார்கள். கர்ப்பிணிகளும் ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும். பருவுக்கு ஐசோடிரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

நம்மவர்கள் அதிகம் கவலைப்படுவதும், அதிகம் ஏமாற்றப்படுவதும் கருமையைச் சொல்லித்தான். 1975-ல் ஹார்வர்டு பேராசிரியர் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக், வெயிலில் தோல் எவ்வளவு சிவக்கிறது, எவ்வளவு கறுக்கிறது என்பதைக் கொண்டு ஒரு வகைப்பாடு செய்தார். இன்று அதில், மிக வெளிரிய தோல் முதல் மிகக் கறுத்த தோல் வரை, ஆறு வகைகள். தமிழர்களில் பெரும்பாலோர் நான்காம் வகைக்கும் ஆறாம் வகைக்கும் இடையில் வருவார்கள். வெயிலைத் தாங்கும் வலு இந்தத் தோலுக்கு அதிகம். ஆனால் காயமோ எரிச்சலோ எது நேர்ந்தாலும் மெலனினைக் கூடுதலாகச் சுரந்துவிடும். பரு ஆறிய இடத்தில் மாதக்கணக்கில் நிற்கும் கரும்புள்ளி அப்படி வந்ததுதான். வெளிர்தோலுக்கு வகுத்த வலிமையான பீலையோ லேசரையோ அப்படியே நம் முகத்தில் வைத்தால், இருந்த கருமையை விடக் கூடுதலாகப் படர்ந்துவிடலாம்.

கன்னத்திலும் நெற்றியிலும் மேலுதட்டிலும் வரும் மங்குக்கு இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும். வெயில், கர்ப்பகால ஹார்மோன், கருத்தடை மாத்திரை, குடும்ப வாகு எல்லாம் அதற்குக் காரணம். வெப்பமும் அதைத் தூண்டும் என்பதால் நெடுநேரம் நீராவி பிடிப்பதும் அழுத்தித் தேய்ப்பதும் வேண்டாம். பீல் என்றால் எந்த அமிலம் என்று கேளுங்கள். கிளைகாலிக் அமிலத்தின் மூலக்கூறு மிகச் சிறியது. விரைந்து இறங்கும், எரிச்சலும் தரும். மாண்டலிக் அமிலத்தின் மூலக்கூறு பெரியது. மெதுவாக இறங்குவதால் நம் தோலுக்குப் பாதுகாப்பானது. குறைந்த வலிமையில் தொடங்கி, சில வார இடைவெளி விட்டுத்தான் கூட்ட வேண்டும். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே மங்கைக் கூட்டும் என்பதால் இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமுள்ள சன்ஸ்கிரீன் தினமும் அவசியம். அது இல்லாமல் எவ்வளவு செலவு செய்தாலும் மங்கு திரும்பிவிடும்.

ஒரே வாரத்தில் வெளுத்துவிடும் என்று யாராவது கிரீம் கொடுத்தால் வாங்காதீர்கள். அப்படிப்பட்ட பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும், சிலவற்றில் பாதரசம்கூட உண்டு. ஸ்டீராய்டைத் தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, ரத்த நாளங்கள் சிவப்பாகத் தெரியும், பரு பெருகும். திடீரென்று நிறுத்தினால் முகம் எரியும். ஏற்கெனவே பூசிவருபவர் பீலுக்குப் போகும் முன் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பிறந்த நிறத்தை மாற்றித் தருவதாகச் சொல்லும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். சிகிச்சை தேவைப்படுவது நோய்க்கு. நம் நிறம் நோயல்ல.

பருக்குழி உள்தோலின் குறை. எந்த ஃபேஷியலும் அதைத் தொடாது. நுண்ணூசிகளால் குத்தி, புதிய கொலாஜனை வளரச்செய்யும் மைக்ரோநீட்லிங் கருந்தோலுக்கும் ஏற்றது. அலையலையான பள்ளம் என்றால், அடியில் இழுத்துப் பிடிக்கும் நார்களை ஊசியால் அறுத்துவிடுவார்கள். இவை கிளினிக்கில், தோல் மருத்துவர் செய்ய வேண்டியவை. ஊசி உங்கள் கண்ணெதிரில் உறை பிரிக்கப்பட வேண்டும். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உரிமம் இல்லாத ஓர் அழகு நிலையத்தில், சொந்த ரத்தத்திலிருந்து பிரித்த பிளாஸ்மாவை நுண்ணூசியால் முகத்தில் ஏற்றும் 'வேம்பயர் ஃபேஷியல்' செய்துகொண்ட பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியதை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024-ல் அறிக்கையாக வெளியிட்டது.

திருமணத்துக்காகத் தொடங்குபவர்கள் நாளைக் கணக்கிட்டுத் தொடங்குங்கள். மங்கு, கரும்புள்ளி, குழி எதுவானாலும் பல மாதம் பிடிக்கும் என்பதால் நிச்சயதார்த்தம் முடிந்ததுமே மருத்துவரைப் பார்த்துவிடலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் தோல் பிரிவு உண்டு. பீலுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே திரெடிங், வேக்சிங், ரெட்டினால் கிரீம் வேண்டாம். தோல் உரியும்போது பிய்க்கவும் கூடாது. கடைசி பீலுக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவே குறைந்தது ஒரு மாதம் விடுங்கள். முகூர்த்த வாரத்தில், முன்பே செய்து ஒத்துக்கொண்ட ஃபேஷியலைத் தவிர வேறெதையும் முகத்தில் வைக்காதீர்கள்.