பளிச்சிடும் விளக்குக்கு ஒரு கணக்கு!

இருட்டில் படம் எடுக்க "பிளாஷ்" விளக்கு வேண்டும். ஆனால் எல்லா பிளாஷும் எல்லாக் காமிராவுக்கும் ஒத்து வராது!

"ரேஞ்ச்பைண்டர்" என்பது தூரத்தை அளந்து காட்டும் காமிரா. அதன் ஜன்னல் வழியே பார்த்தால் ஆள் இரண்டாகத் தெரிவார். லென்ஸைத் திருப்பினால் இரண்டும் ஒன்றாகும். அப்போது லென்ஸில் நிற்கும் எண்தான் தூரம்.

இவ்வகையில் முதல் டிஜிட்டல் காமிராவை ஜப்பானின் எப்சன் கம்பெனி 2004-ல் வெளியிட்டது. ஜெர்மனியின் லைக்கா எம் 8 காமிரா 2006-ல் வந்தது.

வகுத்தால் போதும்

ஒவ்வொரு பிளாஷுக்கும் ஒரு சக்தி எண் உண்டு. அதைத் தூரத்தால் வகுத்தால், லென்ஸில் வைக்க வேண்டிய துவார எண் கிடைக்கும்.

ஐ.எஸ்.ஓ. 200-ல் சக்தி எண் 28 என்று வைத்துக் கொள்வோம். ஆள் மூன்றரை மீட்டர் தூரத்தில் நின்றால் துவார எண் 8. ஏழு மீட்டர் என்றால் 4. எண் குறைந்தால் துவாரம் பெரிது.

காரணம் என்ன? தூரம் இரு மடங்கானால் வெளிச்சம் பாதியாவதில்லை. கால் பங்காகி விடுகிறது!

கறுப்புப் பட்டை

சாதாரண பிளாஷ் போடும்போது ஷட்டர் வேகத்துக்கு எல்லை உண்டு. எப்சனில் வினாடியில் 125-ல் ஒரு பங்கு. எம் 8-ல் 250-ல் ஒரு பங்கு. எல்லை மீறினால் படத்தின் ஒரு பகுதி கறுத்துவிடும்.

உஷார்!

பழைய பிளாஷ் மலிவாகக் கிடைக்கும். அவற்றில் சில, காமிராவைத் தொடும் இடத்தில் 200 வோல்ட்டுக்கு மேல் மின்சாரம் பாய்ச்சும். அது டிஜிட்டல் காமிராவையே கெடுத்துவிடலாம்.

ஆகவே விவரம் தெரிந்தவரிடம் கொடுத்து வோல்ட்டை அளந்து பார்த்த பிறகே மாட்டுங்கள்!