பீரியட்ஸ் தள்ளித் தள்ளி வருதா, இன்ஷூரன்ஸும் இல்லையா? குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதி முதலில் செய்ய வேண்டியது என்ன?

``விசேஷம் ஏதும் உண்டா?'' திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லராக இருக்கும் என் தோழி, கல்யாணமான இரண்டு வருடங்களாகக் கேட்டுச் சலித்த கேள்வி இது. அவளுக்கு ஒருமுறை 40 நாளில் பீரியட்ஸ் வரும். மறுமுறை 70 நாள் தள்ளிப்போகும். ஒவ்வொரு முறையும் வீட்டில் ஆசை, அப்புறம் ஏமாற்றம்.

ஒரு தனியார் மையத்துக்குப் போனபோது, எடுத்த எடுப்பிலேயே டெஸ்ட் டியூப் பேபி, லட்சக்கணக்கில் செலவு என்று பேசியிருக்கிறார்கள். `நம்மகிட்ட இன்ஷூரன்ஸ்கூட இல்லையே' என்று திரும்பியவர்கள், அடுத்த எட்டு மாதம் எந்த டாக்டரையும் பார்க்கவில்லை.

இன்ஷூரன்ஸ் இல்லாததைவிட, இந்த எட்டு மாதம்தான் பெரிய இழப்பு.

இன்ஷூரன்ஸ் இருந்தாலும்...

நம் நாட்டில் பெரும்பாலான மருத்துவக் காப்பீட்டு பாலிசிகளில், குழந்தையின்மை சிகிச்சை விலக்குப் பட்டியலில்தான் இருக்கிறது. பாலிசி வைத்திருப்பவர்களும் பெரும்பாலும் கைக்காசுதான் செலவழிக்கிறார்கள். ஆனால், ஆரம்பகட்டப் பரிசோதனைகளுக்கு லட்சங்கள் தேவையில்லை.

ஏன் தள்ளிப்போகிறது?

பெரியவர்களுக்கு 21 முதல் 35 நாள்களுக்குள் பீரியட்ஸ் வந்தால் இயல்பு. அதைத் தாண்டித் தாண்டி வந்தால், சினைப்பையிலிருந்து மாதாமாதம் முட்டை வெளியாகவில்லை என்று பெரும்பாலும் அர்த்தம். பி.சி.ஓ.எஸ், தைராய்டு, புரோலாக்டின் ஹார்மோன் அதிகரிப்பு, உடல் எடை மிகவும் கூடுவது அல்லது குறைவது ஆகியவை முக்கியக் காரணங்கள். பி.சி.ஓ.எஸ் மட்டுமே கருவுறும் வயதுப் பெண்களில் பலருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

ஆப்பை நம்பாதீங்க!

மொபைல் ஆப் காட்டும் `கருத்தரிக்கும் நாள்' பழைய தேதிகளை வைத்துப் போடும் கணக்குதான். சீரற்ற பீரியட்ஸில் அது தவறிவிடும். முட்டை வெளியாவதைக் காட்டும் ஸ்ட்ரிப்புகளும் பி.சி.ஓ.எஸ் இருந்தால் தவறாகக் காட்டலாம். வெளியான முட்டை அதிகபட்சம் ஒரு நாள்தான் உயிரோடிருக்கும். விந்தணு ஐந்து நாள் வரை தாங்கும். அதனால் நாள் எண்ணாமல், இரண்டு மூன்று நாள்களுக்கு ஒருமுறை சேர்ந்திருப்பதே செலவில்லாத வழி.

எப்போது, எங்கே போகலாம்?

பொதுவாக ஒரு வருடம், 35 வயதைக் கடந்தவர்கள் ஆறு மாதம் முயற்சி செய்துவிட்டுப் போகலாம். பீரியட்ஸ் சீராக இல்லாதவர்கள் அவ்வளவு காத்திருக்கக் கூடாது. உடனே போக வேண்டும்.

மாவட்ட அரசு மருத்துவமனை அல்லது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகளிர் பிரிவில் ஓ.பி சீட்டு போட்டுப் பார்க்கலாம். கடைசி ஆறு மாத பீரியட்ஸ் தேதிகளையும், பழைய ரிப்போர்ட்டுகளையும் கொண்டுபோங்கள். எடுத்த டெஸ்ட்டையே மறுபடி எடுக்கும் செலவு மிச்சம்.

* மனைவிக்கு: தைராய்டு, புரோலாக்டின், சர்க்கரை பரிசோதனைகள், ஸ்கேன்.
* கணவருக்கு: விந்தணுப் பரிசோதனை. `அவளுக்குத்தானே பிரச்னை' என்று இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

எல்லோருக்கும் ஐ.வி.எஃப் வேண்டுமா?

வேண்டாம். எடை அதிகமுள்ளவர்கள் 5 முதல் 10 சதவிகிதம் குறைத்தாலே பலருக்குப் பீரியட்ஸ் சீராகிறது. அடுத்து, முட்டை வெளியாவதைத் தூண்டும் மாத்திரைகள். இவற்றை மெடிக்கலில் நீங்களாக வாங்கக் கூடாது. இரட்டைக் கரு உண்டாகும் வாய்ப்பு இருப்பதால், டாக்டரின் கண்காணிப்பு அவசியம். ஐ.வி.எஃப் கடைசிக்கட்ட சிகிச்சைகளில் ஒன்று. அதற்கும் சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் மையம் இருக்கிறது.

கருத்தரிக்க முயலும்போதே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் தேவை. டாக்டரிடம் கேட்டு ஆரம்பித்துவிடுங்கள்.

போன மாதம் என் தோழியும் அவள் கணவரும் அரசு மருத்துவமனைக்குப் போனார்கள். அவளுக்குத் தைராய்டு குறைபாடு; தினமும் காலையில் ஒரு மாத்திரை. இன்னும் `விசேஷம்' இல்லை.

``ஆனா, என்ன பிரச்னைனு தெரிஞ்சிடுச்சுடி. இப்பதான் நிம்மதியா தூங்குறேன்'' என்றாள் போனில்.