பீறிடும் நீரும் பிழைக்கும் கையும்

வண்டலூரிலிருந்து வரும் வெளிவட்டச் சாலை 2014-ஆம் ஆண்டில் நெமிலிச்சேரி வரை திறக்கப்பட்டதும், பின்னர் அது மீஞ்சூர் வரை நீண்டதும் நம் அங்கத்தினர்கள் அறிந்ததே. வண்டிகள் பெருகினால் அவற்றைக் கழுவும் தொழிலும் பெருகுவது இயல்பு. ஆவடி, திருநின்றவூர், பூந்தமல்லிப் பக்கங்களில் ‘வாட்டர் சர்வீஸ்’ என்ற பலகை கண்ணிற் படாமற் செல்வது அரிது. அங்கே லாரியின் சேற்றை நொடியில் உரித்தெடுக்கும் அழுத்த நீர்க் கருவி, இன்று உழவரின் டிராக்டருக்கும் மாட்டுத் தொழுவத்திற்கும், துணி அச்சிடுவோரின் ஸ்கிரீன் சட்டங்களுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. கையால் தேய்த்துத் தோள் வலித்தவர்களுக்கு அது பெரும் உதவி என்பதில் ஐயமில்லை. எனினும் அதனிடம் காட்ட வேண்டிய மரியாதையை நம்மவர் இன்னும் காட்டக் காணோம்.

“வெறும் தண்ணீர்தானே” என்பது அனைவரும் கூறும் சொல். கணக்கைச் சற்றுப் பார்ப்போம். காரின் டயரில் நாம் அடைக்கும் காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்திற்குச் சுமார் 30 பவுண்டு. வீட்டு உபயோகத்திற்கென விற்கப்படும் சிறு கருவியே ஏறத்தாழ 1,500 பவுண்டு அழுத்தம் தருவதுண்டு. அந்த அழுத்தத்தில் நாசிலை விட்டுப் புறப்படும் நீரின் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டருக்குக் குறையாது. மனிதத் தோலைத் துளைப்பதற்கோ 100 பவுண்டு அளவே போதுமென்று மருத்துவர்கள் கூறுகின்றனர்.

துளைத்த இடத்தில் ஊசி குத்தியது போன்ற ஒரு புள்ளி மட்டுமே தெரியும். இரத்தமும் அதிகம் வராது. வலியும் உடனே தோன்றாமலிருக்கலாம். இதில்தான் மோசம் இருக்கிறது. உட்புகுந்த நீரும், அது ஏந்திச் சென்ற சேறும், சோப்பும், கிருமிகளும் தசைநார்களின் உறையினூடே விரல் நெடுகப் பரவும். சில மணி நேரத்தில் வீக்கம் கண்டு, இரத்த ஓட்டம் நெருக்கப்பட்டு, விரலே அழுகிப்போதல் கூடும். டீசல் இயந்திரத்தின் எண்ணெய் இவ்வாறு தோலுக்குள் பாய்ந்த செய்தியை அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ் 1937-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டது. எண்ணெயையும் பெயிண்டையும் நோக்கத் தூய நீர் செய்யும் தீங்கு குறைவே. ஆனால் தொழுவத்திலும் சாயப்பட்டறையிலும் பாய்வது தூய நீரா என்பதை அன்பர்களே யோசித்துப் பார்க்கட்டும்.

ஆகவே, மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு மறுநாள் பார்க்கலாமென்று இருப்பது விரலை இழக்கும் வழி. களிம்போ ஒரு ஊசியோ போட்டுக்கொண்டு திரும்புவதும் போதாது. கை அறுவையில் தேர்ந்த மருத்துவர் காயத்தைத் திறந்து கழுவ வேண்டியிருக்கலாம். அதற்கு நேரம் மிக முக்கியம். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் டாக்டர் ஆர். வெங்கடசாமி அவர்கள் வளர்த்த கை அறுவைத் துறை நாடெங்கும் பெயர் பெற்றது. நெமிலிச்சேரியிலிருப்போர்க்கு அது எட்டாத தொலைவன்று. 108-ஐ அழைக்கத் தயங்க வேண்டாம்.

விசைத்தெளிப்பான் வைத்திருக்கும் உழவர்கள் இதனை மேலும் கவனிக்க வேண்டும். அதன் அழுத்தம் குறைவெனினும் தோலைத் துளைக்கப் போதியது. உள்ளே செல்வதோ பூச்சி மருந்து. கசியும் ஓஸ்பைப்பை விரலால் அடைத்துப் பார்க்கும் வழக்கத்தை இன்றே விட்டொழித்தல் நலம். அட்டைத் துண்டைக் காட்டினால் கசிவு எங்கென்று தெரிந்துவிடும்.

கருவியின் விசையைக் கம்பியால் கட்டி வைப்பதையும் பல இடங்களிற் காண்கிறோம். கை ஓயாதிருக்கச் செய்யும் உபாயம் அது. கருவி கைநழுவினால் பாம்புபோல் புரண்டு எதிரிலிருப்பவர் கண்ணைத் தாக்கும். மோட்டாரை நிறுத்திய பின்னும் குழாயில் அழுத்தம் தங்கியிருக்குமாதலால், விசையை ஒருமுறை அழுத்தி நீரை வெளியேற்றிவிட்டே நாசிலைக் கழற்ற வேண்டும். சிவப்பு நிற நாசில் நீரை ஒரே கோடாகப் பாய்ச்சுவது. சாதாரண வேலைக்கு அது தேவையே இல்லை, விரிந்து பாயும் பச்சையோ வெள்ளையோ போதும். டயருக்கு ஓரடி தள்ளியே நீரைப் பாய்ச்ச வேண்டும். நெருங்கினால் அதன் பக்கச் சுவர் பழுதுபட்டுப் பின்னர் வெடிக்கக்கூடும். ஈரத் தரையில் 230 வோல்ட் மின்சாரத்தோடு நிற்கிறோமாதலால் எர்த் இணைப்பும், மின்கசிவைக் கண்டதும் அறுத்துவிடும் சாதனமும் இல்லாத இடத்தில் கருவியை ஓட்டலாகாது. பெட்ரோல் இயந்திரமாயின் மூடிய கொட்டகைக்குள் வேண்டாம். அதன் புகையிலுள்ள நச்சு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை.

சங்கங்கள் பொதுவில் கருவி வாங்கி வாடகைக்கு விடுமாயின், கண்ணாடியும் முழங்கால் பூட்ஸும் அதே பில்லில் வாங்கப்பட வேண்டும் என்பது நம் கருத்து. அவற்றைத் தனிச் செலவென ஒதுக்கிவைத்தால் அடுத்த வரவு செலவுத் திட்டத்திலும் ஒதுங்கியே கிடக்கும். சாதாரணக் கையுறை இந்த நீரைத் தடுக்காது என்பதையும் கருவியைக் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

மேல்நாடுகளில் இத்தொழில் செய்வோர் மருத்துவரிடம் காட்டச் சட்டைப்பையில் ஒரு சிறு அட்டை வைத்திருக்கிறார்கள். நம் சங்கங்களும் அதனைத் தமிழில் அச்சிட்டு, கருவியுடன் வழங்கலாம். வாசகம் இவ்வாறு இருக்கலாம்: “இவர் உயர் அழுத்த நீர்க் கருவியில் வேலை செய்பவர். காயம் சிறிதாகத் தோன்றினும் நீர் உள்ளே ஊடுருவியிருக்கக்கூடும். கருவியின் அழுத்தம் இவ்வளவு. நீரில் கலந்திருந்தது இன்னது. காயம் பட்ட நேரம் இது. அறுவை மருத்துவர் உடனே பார்க்க வேண்டுகிறோம்.”