பள்ளி விட்ட பின் 40 நிமிடம்

பள்ளி மணி அடித்ததும் பேருந்து வாசலில் நிற்கும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம், அகஸ்டா நகரத்துப் பிள்ளைகள் சிலர் அதில் ஏறி, வீட்டுக்குப் போகாமல் நேரே ஓர் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போனார்கள். எல்லோருக்கும் வயது 7 முதல் 11 வரை. எல்லோருக்குமே வயதுக்கு மீறிய எடை. அங்கே இதயத் துடிப்பைக் காட்டும் கருவியைக் கட்டிக்கொண்டு ஓடினார்கள், ஸ்கிப்பிங் ஆடினார்கள், விதிகளைத் தளர்த்திய கூடைப்பந்தும் கால்பந்தும் ஆடினார்கள்.

யார் ஜெயித்தார்கள் என்று யாரும் பார்க்கவில்லை. துடிப்பு நிமிடத்துக்கு 150-க்கு மேல் போகிறதா என்றுதான் பார்த்தார்கள். அதற்குப் புள்ளி உண்டு, புள்ளிக்கு வாராவாரம் பரிசு உண்டு. ஓட்டப் பந்தயத்தில் எப்போதும் கடைசியாக வரும் பிள்ளைக்கு இது எத்தனை பெரிய விடுதலை!

இது ஓர் ஆய்வு. நடத்தியவர் கேத்தரின் டேவிஸ். 222 பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் மூன்று குழுக்களாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு 40 நிமிட விளையாட்டு. இன்னொன்றுக்கு 20 நிமிடம். மூன்றாவது குழு வழக்கம்போல் இருந்தது. வாரத்தில் 5 நாள், சுமார் 13 வாரம். யாருக்கும் சாப்பாட்டில் கட்டுப்பாடு விதிக்கவில்லை.

முன்னும் பின்னும் பிள்ளைகளுக்குக் குளுகோஸ் கரைசல் குடிக்கக் கொடுத்து, இடைவெளி விட்டு இரத்தம் எடுத்தார்கள். அந்தச் சர்க்கரையைச் சமாளிக்கக் கணையம் எவ்வளவு இன்சுலின் சுரக்க வேண்டியிருக்கிறது என்பதே கேள்வி. இன்சுலின் சொல்வதைத் தசை காதில் வாங்காவிட்டால், கணையம் மேலும் மேலும் சுரந்து ஈடுகட்டும். இரத்தச் சர்க்கரை அளவு பல ஆண்டுகள் ஒழுங்காகவே தெரியும். ஆனால் உள்ளே கணையம் களைத்துக்கொண்டிருக்கும்.

இந்தக் கூடுதல் சுரப்பு சில பிள்ளைகளுக்கு வெளியேயும் தெரியும்: பின்கழுத்து வெல்வெட் துணிபோலக் கறுத்துத் தடித்திருக்கும். அழுக்கு என்று எண்ணிக் கடலை மாவு போட்டுத் தேய்க்கும் அம்மாக்கள் நம்மிடையே உண்டு. தேய்த்தால் அது போகாது. பெரும்பாலும் அது உடம்பில் இன்சுலின் மிகுந்துவிட்டதன் அடையாளம். குழந்தைநல மருத்துவரிடம் காட்ட வேண்டியது.

2012-இல் ‘ஜாமா’ மருத்துவ இதழில் டேவிஸின் ஆய்வு முடிவு வந்தது. விளையாடிய இரு குழுக்களிலும் சுரக்க வேண்டிய இன்சுலின் குறைந்திருந்தது. 20 நிமிடத்துக்கே பலன் தெரிந்தது. 40 நிமிடத்துக்கு அதைவிட அதிகம். வயிற்றின் உள்ளுறுப்புகளைச் சுற்றிய கொழுப்பும் குறைந்தது. ஆண் பெண், கறுப்பர் வெள்ளையர் என்ற வேறுபாடு இல்லாமல் பலன் கிடைத்தது.

எப்படி? குளுகோஸை உள்ளே இழுத்துக்கொள்ளும் ‘குளுட்-4’ என்ற புரதம் தசைச் செல்லின் உள்ளே ஒதுங்கிக் கிடக்கும். இன்சுலின் அழைத்தால் மேற்பரப்புக்கு வரும். தசை சுருங்கி விரியும்போதோ இன்சுலின் அழைக்காமலே வந்துவிடும். விளையாடி முடித்த பிறகும் பல மணி நேரம் தசைக்கு இன்சுலினின் சொல் நன்றாகக் கேட்கும். ஆனால் ஆட்டத்தை நிறுத்தினால் சில நாளில் பழைய நிலைதான். அதனால்தான் அன்றாடம் வேண்டும் என்கிறோம்.

எடைக் கருவி இதையெல்லாம் சொல்லாது. நம் நாட்டில் அதை நம்புவது இன்னும் ஆபத்து. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் தங்கள் உடம்பையே அளந்து 2004-இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார்கள். உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் ஒன்றே: 22.3. கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒல்லியாகத் தெரியும் நம் பிள்ளைக்கும் ஓட்டம் தேவை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? எடை குறையவில்லையே என்று குண்டான பிள்ளையின் விளையாட்டை நிறுத்தவும் கூடாது.

நம் பள்ளிகளில் தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது பி.டி. பீரியட். பெரும்பாலும் அதைக் கணக்குப் பாடம் எடுத்துக்கொள்ளும். டேவிஸின் குழு 2011-இல் வெளியிட்ட இன்னொரு முடிவை அந்த ஆசிரியர்கள் அறிய வேண்டும். இதே மாதிரி ஓடி விளையாடிய பிள்ளைகளுக்குத் திட்டமிட்டுச் சிந்திக்கும் திறன் கூடியது. கூடவே, கணக்கும் முன்பைவிட நன்றாக வந்தது.