வெயில் சுடும் தோல்: அறிவதும் ஆற்றுவதும் காப்பதும்

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் வெல்டிங் செய்வோர், பொன்னேரி வயல்களில் நாற்று நடுவோர், பழவேற்காட்டு ஏரியில் வலை வீசுவோர், செங்கல் சூளையில் கல் அறுப்போர், கொல்கத்தா நெடுஞ்சாலையில் லாரி ஓட்டுவோர் என எங்கள் தோல் மருத்துவப் பிரிவுக்கு வருவோரின் தொழில்கள் பல. ஆயினும் அவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றே: “முகம் கறுத்துவிட்டது, ஏதாவது களிம்பு எழுதிக் கொடுங்கள்.” கறுப்பு கண்ணுக்குத் தெரிகிறது. அதற்குக் காரணமான கதிரும், அது தோலுக்குள் சேர்த்துவைக்கும் கேடும் தெரிவதில்லை. அவற்றை நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கதிர் என்ன செய்கிறது?

வெயிலில் நாம் உணரும் சூடு வேறு. தோலைக் கெடுக்கும் புற ஊதாக் கதிர் வேறு. இக்கதிரைக் கண்ணால் காணவோ சூடாக உணரவோ இயலாது. நம்மை வந்தடையும் புற ஊதாக் கதிர்களில் இரு வகை உண்டு. ‘பி’ வகை தோலின் மேலடுக்கைத் தாக்கி, எரிச்சலையும் கொப்புளத்தையும் உண்டாக்குகிறது. ‘ஏ’ வகை ஆழமாக ஊடுருவி, தோலின் உறுதிக்குக் காரணமான நார்களைச் சிதைத்துச் சுருக்கத்தையும் கருமையையும் தருகிறது. இரண்டுமே உயிரணுக்களின் மரபுப்பொருளைச் சேதப்படுத்துவன. பெரும்பகுதியை உடல் தானே செப்பனிட்டுக்கொள்ளும். செப்பனிடப்படாமல் எஞ்சியவை ஆண்டுக்கணக்கில் சேர்ந்து புற்றுநோய்க்கு வழிவகுக்கலாம்.

உலக நலவாழ்வு அமைப்பும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் இணைந்து 2023ஆம் ஆண்டு வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2019இல் உலகெங்கும் சுமார் 160 கோடிப் பேர் தொழில் காரணமாக இக்கதிருக்கு ஆளாகினர். மெலனோமா அல்லாத தோல் புற்றுநோயால் நேரும் மரணங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றுக்கு வெயிலில் செய்யும் வேலையே காரணம் என்றும் அது கூறுகிறது.

கறுத்த தோலுக்கு வெயில் ஒன்றும் செய்யாதா?

இந்த நம்பிக்கையில் பாதி உண்மை. மெலனின் எனும் நிறமி உயிரணுவின் கருவுக்கு மேல் குடைபோல் கவிந்து கதிரைத் தடுக்கிறது. அதனால்தான் வெள்ளையரைக் காட்டிலும் நம்மவர்க்குத் தோல் புற்றுநோய் மிகக் குறைவு. ஆயினும் அந்தக் குடை முழுமையானதன்று. நம் தோலில் கேடு வேறு வடிவங்களில் தோன்றுகிறது. கன்னத்திலும் நெற்றியிலும் படரும் மங்கு, வெயில் பட்ட இடங்களில் அரிப்புடன் எழும் தடிப்பு, ஆறிய புண் விட்டுச்செல்லும் நீங்காத கறை ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. புற்றுநோய் அரிது என்பதாலேயே, அது வரும்போது அதனைச் சாதாரணப் புண் என்று எண்ணிக் காலம் கடத்துவதும் நேர்கிறது.

நம் பகுதியின் நிலை

கும்மிடிப்பூண்டி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 13 பாகையில் அமைந்துள்ளது. ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்டு நடுவிலுமாக ஆண்டுக்கு இருமுறை நண்பகற் சூரியன் நம் உச்சிக்கு நேரே நிற்கிறது. எனவே கத்தரி வெயில் காலத்தில் மட்டுமே காப்பு வேண்டும் என்பது தவறு. கடற்காற்று உடலைக் குளிர்விக்குமேயன்றிக் கதிரைக் குறைக்காது. மெல்லிய மேகத்தையும் கதிர் கடந்து வரும். மணற்பரப்பு, விழும் கதிரில் ஏறத்தாழ 15 விழுக்காட்டையும் கடல் நுரை 25 விழுக்காட்டையும் மேல்நோக்கித் திருப்பிவிடும். கரையில் வலை உலர்த்துவோர் தலைக்குத் துணி கட்டியிருந்தும் முகம் கறுப்பதன் காரணம் இதுவே.

லாரி ஓட்டுநர்களுக்கு வலக் கன்னமும் வலக் கையும் அதிகமாகப் பாதிக்கப்படலாம். பக்கவாட்டுக் கண்ணாடியை ஏற்றியிருந்தாலும் ‘ஏ’ வகைக் கதிரின் பெரும்பகுதி அதனூடே வந்துவிடும்.

தொழிற்சாலைக்கு உள்ளே இருப்போர் தமக்கு இக்கதிர் இல்லை என்று எண்ண வேண்டா. வெல்டிங் சுடர் மிக வலிய புற ஊதாக் கதிரை உமிழ்கிறது. கழுத்து, முன்கை, சட்டைப் பொத்தான் திறந்த மார்பு ஆகிய இடங்கள் சில நிமிடங்களிலேயே கன்றிவிடும். கண்ணில் பட்டால் சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவில், மண் விழுந்ததுபோல் உறுத்தி நீர் வடியும். அப்போது தாய்ப்பாலோ உருளைக்கிழங்குச் சாறோ ஊற்றாமல் கண் மருத்துவரிடம் வருதல் வேண்டும். உருக்காலை உலையின் வெக்கை வேறு வகை. அதில் முதன்மையானது வெப்பக் கதிர். அது மங்கை மிகுவிக்கும். நாள்தோறும் ஒரே இடத்தில் பட்டால் வலைப்பின்னல் போன்ற கறையை உண்டாக்கும். தார் சாலை போடுவோர்க்கு இன்னோர் இடர் உண்டு: தோலில் தார்ப்பொருள் படிந்திருக்க வெயில் பட்டால் எரிச்சல் பன்மடங்காகும்.

களிம்பால் வரும் கேடு

நாங்கள் மிகவும் கவலையுறுவது இதைப் பற்றியே. மருத்துவச் சீட்டின்றிக் கடையில் வாங்கும் ‘முகம் வெளுக்கும்’ களிம்புகள் பலவற்றில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டுகள் உள்ளன. முதல் சில வாரங்களில் முகம் தெளிந்ததுபோல் தோன்றும். பின்னர்த் தோல் மெலியும். சிவந்த நுண்குழாய்கள் தெரியும். பருக்களும் தேவையற்ற உரோமமும் தோன்றும். சிறிது வெயில் பட்டாலும் முகம் எரியும். நிறுத்தினால் எரிச்சல் மிகுவதால் மீண்டும் அதையே பூசுகின்றனர். இக்களிம்புகளைச் சீட்டின்றி விற்கலாகாது என்று 2018ஆம் ஆண்டு நடுவண் அரசு விதியைக் கடுமையாக்கியும் பழக்கம் ஓயவில்லை. இத்தகைய களிம்பை நெடுநாள் பூசியவர்கள் தாமாகத் திடீரென நிறுத்தாமல், அந்தக் குழாயையே கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் வரவேண்டும். கூச்சம் வேண்டா, எதைப் பூசினீர்கள் என்று அறிந்தால்தான் மீட்கும் வழி புலப்படும்.

சிகிச்சை முறைகள்

வெயிலில் கன்றிய தோலுக்குக் குளிர்ந்த நீரில் நனைத்த துணியும், ஈரப்பதம் காக்கும் களிம்பும், போதிய நீரும் முதலுதவியாகும். பனிக்கட்டி, பற்பசை, எலுமிச்சைச் சாறு கூடா. கொப்புளத்தை உடைத்தலும் கூடாது.

மங்கு நீங்க மாதங்கள் ஆகும். ஹைட்ரோகுயினோன் போன்ற மருந்துகளை மருத்துவர் குறித்த காலத்துக்கு மட்டுமே பூச வேண்டும். மிகுந்தால் அதுவே நீலக் கருமையை உண்டாக்கும். கருவுற்றிருப்போர் முன்கூட்டியே தெரிவித்தல் கட்டாயம். கதிரைத் தடுக்காமல் மருந்து மட்டும் பூசுவது, ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதற்கு ஒப்பாகும்.

அரிப்புத் தடிப்புடன் வருவோரிடம் அவர்கள் உட்கொள்ளும் மருந்துகளையும் நாங்கள் கேட்பதுண்டு. டாக்சிசைக்ளின், இரத்த அழுத்தத்துக்கான ஹைட்ரோகுளோரோதயசைடு முதலியன தோலை வெயிலுக்குக் கூச்சப்பட வைக்கும். மருந்தைத் தாமாக நிறுத்தாமல் அட்டையுடன் வரவும். சொரசொரப்பான புற்றுநோய் முன்னிலைப் புள்ளிகளைத் திரவ நைட்ரஜனால் உறையவைத்தோ, உரிய களிம்பாலோ நீக்கலாம். ஐயத்துக்குரிய புண்ணிலிருந்து சிறு துணுக்கை எடுத்துச் சோதிப்பது நோயைப் பரப்பாது. அந்த அச்சத்தால் சோதனையைத் தள்ளிப்போடுவதே ஆபத்து.

காக்கும் வழிகள்

உடையே முதல் மருந்து. நெருக்கமாக நெய்த முழுக்கைச் சட்டை, அகன்ற விளிம்புத் தொப்பி அல்லது தலையையும் பிடரியையும் மூடும் துண்டு, தலைக்கவசத்துடன் பிடரித் துணி ஆகியவை செலவு குறைந்தவை, வியர்வையில் கரையாதவை. நனைந்த பருத்தித் துணி கதிரை அதிகம் உள்ளே விடுமாதலால் மாற்றுச் சட்டை வைத்திருத்தல் நலம். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் வேளையில் கதிர் கடுமையாக இருக்கிறது என்று கொள்க. அந்நேரத்தில் இயன்றவரை நிழலில் வேலை செய்க.

சன்ஸ்கிரீன் வாங்குவோர் எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்டதையும், ‘ஏ’ வகைக் கதிரையும் தடுப்பதையும் தேர்க. முகத்துக்கும் கழுத்துக்கும் இரு விரல் நீளம் தேவை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். மங்கு உள்ளோர்க்கு, இரும்பு ஆக்சைடு கலந்த நிறமூட்டிய வகை கூடுதல் பயன் தரும். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் நம் தோலைக் கறுக்கச் செய்வதே அதற்குக் காரணம்.

வெல்டிங் செய்வோர்க்கு முகக்கவசம், தோல் கையுறை, கழுத்து மூடிய உடை ஆகியவை இன்றியமையாதவை. அருகில் நிற்கும் உதவியாளருக்கும் திரை வேண்டும். மிகுந்த ஒளியிலிருந்து தொழிலாளர் கண்ணைக் காக்கத் திரையோ கண்ணாடியோ தர வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே 35ஆம் பிரிவில் வகுத்தது. ஆகவே இவற்றைக் கேட்பதில் தயக்கம் வேண்டா.

உடனே வரவேண்டிய அறிகுறிகள்

நான்கு வாரங்களில் ஆறாத புண். எளிதில் இரத்தம் கசியும் புள்ளி. கீழுதட்டில் நீங்காத வெடிப்பு. பழைய தீப்புண் தழும்பில் புதிதாய் எழும் கட்டி. வடிவமோ நிறமோ மாறும் மச்சம். உள்ளங்காலிலும் நகத்தடியிலும் தோன்றும் கரும்புள்ளிக்கு வெயில் காரணமன்று. எனினும் நம்மவர்க்கு மெலனோமா பெரும்பாலும் அங்கேதான் தோன்றுவதால் அதையும் காட்டுக. வெயிலில் நின்றவர்க்கு உடல் கொதித்து நினைவு தடுமாறினால் அது வெப்பத் தாக்கம். நிழலுக்குக் கொண்டுசென்று நீரால் நனைத்து, 108க்கு உடனே அழைக்கவும்.

இப்புண்கள் வலிப்பதில்லை, ஆதலால் ஒருநாள் கூலியை விட்டு மருத்துவமனைக்கு வர மனம் ஒப்புவதில்லை. பிடரியும் முதுகும் காதின் பின்புறமும் உழைப்பவர் கண்ணுக்கே எட்டாதவை. ஆகவே குடும்பத்தாரை வேண்டுகிறோம்: மாதம் ஒருமுறை, எண்ணெய்க் குளியலின்போதேனும், அவ்விடங்களைப் பார்த்துச் சொல்லுங்கள். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் இவற்றுள் பெரும்பாலானவை சிறு சிகிச்சையிலேயே முற்றும் குணமாகக் கூடியவை.